ஓட்டுத் துண்டு சொன்ன ஆண்டு

ஏலகிரி மலையடிவாரத்திலுள்ள எங்கள் பள்ளியில், கல்விச் சுற்றுலாவுக்கு எங்கே போகலாம் என்று பத்தாம் வகுப்பு மாணவர்கள் கூடிப் பேசினார்கள். மத்தியதரைக் கடல் நாடுகளின் வரலாற்றை அப்போதுதான் படித்து முடித்திருந்தோம். ஒரு மாணவி எழுந்து, "சார், ரோமானியர் காலத்துத் துறைமுகம் ஒன்றைப் பார்க்க முடியாதா?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. இத்தாலிக்குப் போக யாரிடம் பணம் இருக்கிறது?

"முடியும். அதற்குக் கப்பல் வேண்டாம், பேருந்தே போதும். மத்தியதரைக் கடலுக்கு நாம் போக முடியாது, ஆனால் அந்தக் கடலோர நாடுகளின் சரக்கு வந்து இறங்கிய ஊர் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது" என்றேன். அந்த ஊர்தான் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு.

மலையிலிருந்து கடலுக்கு

விடியற்காலையில் புறப்பட்டோம். திருப்பத்தூர், சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். வழி நெடுகிலும் பாறைக் குன்றுகள் துணைக்கு வந்தன. செஞ்சியைத் தாண்டிய பின் குன்றுகள் மறைந்து, நிலம் சமமாகி, தென்னையும் சவுக்கும் தோன்றின.

புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றின் தென்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. சற்றுத் தூரத்தில் ஆறு வங்கக் கடலில் கலக்கிறது. பழங்கால மாலுமிகள் திறந்த கடற்கரையைவிட இத்தகைய ஆற்று முகத்தையே பெரிதும் விரும்பினார்கள். அலையின் அடி படாமல் படகுகளை நிறுத்தலாம்; குடிப்பதற்கு நல்ல நீரும் கிடைக்கும்; உள்நாட்டுச் சரக்கு ஆற்று வழியாகவே வந்து சேரும்.

"இங்கே ஒன்றுமே இல்லையே!"

பேருந்தைவிட்டு இறங்கி நடந்தோம். மாமரங்களும் தென்னைகளும் நிறைந்த ஒரு மேடு. நடுவில் செங்கல் சுவர்கள் சில இடிந்து நின்றன. "இதுதான் ரோமானியர் கட்டியதா?" என்று ஆவலுடன் ஓடினார்கள். இல்லை, அது 18ஆம் நூற்றாண்டில் கிறித்துவப் பாதிரிமார் கட்டிய கட்டடத்தின் மிச்சம். தோண்டிய குழிகளெல்லாம் மூடப்பட்டுவிட்டன. தூண் இல்லை, சிலை இல்லை, கப்பல் துறை இல்லை.

"சார், இங்கே ஒன்றுமே இல்லையே!" என்றான் ஆம்பூர் மாணவன் ஒருவன். அவன் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

மாமர நிழலில் எல்லாரையும் உட்கார வைத்தேன். அவன் சொன்னது நியாயமே. ஒன்றும் இல்லாதது போலத் தோன்றும் இந்த மேட்டிலிருந்துதான் தென்னிந்தியாவின் பழைய வரலாற்றுக்கு ஆண்டுக் கணக்கு பிறந்தது. அது எப்படி என்று பார்ப்போம்.

வெள்ளியைத் தேடி வந்தவர் கண்ட செங்கல்

இந்த இடத்தின் பழமையைத் தொடக்கக் காலத்தில் எழுதி வைத்தவர்களுள் ஒருவர் ஒரு வானியலறிஞர். அவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த லெ ழாந்தீய். சூரியனுக்கு முன்னால் வெள்ளிக் கோள் கடந்து செல்லும் அரிய காட்சியைப் புதுச்சேரியிலிருந்து அளப்பதற்காக அவர் அனுப்பப்பட்டார். 1761இல் அந்தக் காட்சி நிகழ்ந்தபோது அவர் நடுக்கடலில் கப்பலில் இருந்தார். எட்டு ஆண்டுகள் காத்திருந்து 1769 ஜூனில் புதுச்சேரியில் கருவிகளுடன் ஆயத்தமாக நின்றார். அன்று காலையில் மேகம் மூடிக்கொண்டது! காவலூர் வானாய்வகத்துக்கு அருகில் வாழும் நமக்கு அவருடைய வேதனை நன்றாகவே புரியும். அவர் இந்தப் பகுதியில் ஆற்றங்கரையில் வெளிப்பட்ட பெரிய பழஞ்செங்கற்களை ஊரார் எடுத்துச் செல்வதைக் குறித்து வைத்தார்.

அதன்பின் நெடுங்காலம் யாரும் கவனிக்கவில்லை. 1930களில் புதுச்சேரியில் இருந்த ழூவோ-துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர், மழைக்குப் பின் இங்கே மணிகள் பொறுக்கும் சிறுவர்களிடமிருந்து பழம்பொருள்களைச் சேகரித்தார். அவற்றுள் ஒரு மனிதத் தலை செதுக்கிய கல் இருந்தது. அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என்று அவர் கருதினார்.

இங்கே ஒரு கேள்வி. பேரரசரின் உருவமே கிடைத்துவிட்டதென்றால் ஊரின் காலம் தெரிந்துவிட்டதல்லவா?

இல்லை! அந்தக் கல் மண்ணின் எந்த அடுக்கிலிருந்து வந்தது, அதனுடன் வேறு என்னென்ன கிடந்தன என்பது தெரியாது. அகஸ்டஸ் காலத்துக் கல் ஒன்றை முந்நூறு ஆண்டு கழித்தும் ஒருவர் அணிந்திருக்கலாம் அல்லவா? இடம் தெரியாத பொருள், முகவரி கிழிந்த கடிதம் போன்றது.

ஒரு கிண்ணம் கடிகாரம் ஆயிற்று

1944இல் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் ஓர் உடைந்த சாடித் துண்டைக் கண்டார். அது மத்தியதரைக் கடல் நாடுகளில் செய்யப்பட்ட ஆம்ஃபொரா சாடியின் துண்டு. அது வந்த இடம் அரிக்கமேடு என்று அறிந்ததும் புதுச்சேரிக்கு விரைந்தார். 1945இல் இங்கே அகழாய்வு நடத்தினார்.

வீலர் புதையலைத் தேடவில்லை, தேதியைத் தேடினார். அந்நாளில் தென்னிந்தியாவில் பெருங்கற்கால ஈமக்குழிகளும் பானைகளும் ஏராளமாகத் தெரிந்திருந்தன. ஆனால் அவை எந்த நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. கரி-14 முறை அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. காலம் தெரிந்த ஒரு பொருள், காலம் தெரியாத நம் பானைகளோடு ஒரே மண்ணடுக்கில் கிடைத்தால் போதும்; ஒன்றின் காலத்தைக் கொண்டு மற்றதன் காலத்தைக் கணக்கிடலாம்.

அப்படிப்பட்ட பொருள் கிடைத்தது. அது அரெட்டைன் எனப்படும் பளபளப்பான சிவப்பு மட்பாண்டம். இத்தாலியில் அரெட்சோ என்ற ஊரின் பெயரால் வழங்குவது. கிண்ணங்களின் அடியில் செய்தவரின் பெயர் முத்திரையாகப் பதிந்திருக்கும். இதன் காலம் எப்படித் தெரியும்? ஜெர்மனியில் ஹால்டெர்ன் என்ற இடத்தில் ஒரு ரோமானியப் படைமுகாம் இருந்தது. கி.பி. 9இல் ரோமானியர் அந்நாட்டில் பெருந்தோல்வி அடைந்ததை ஒட்டி அது கைவிடப்பட்டது. ஆகவே அங்கே கிடைத்த கிண்ணங்கள் அதற்குப் பிற்பட்டவையாக இருக்க முடியாது. இப்படிப் பல முகாம்களை ஒப்பிட்டு, இவ்வகைக் கிண்ணங்கள் ஏறத்தாழ கி.மு. 30 முதல் கி.பி. 50 வரை புழங்கியவை என்று கணித்திருந்தார்கள். ஜெர்மனியின் கிண்ணமும் அரிக்கமேட்டின் கிண்ணமும் ஒரே வகை. எனவே அது கிடந்த அரிக்கமேட்டு மண்ணடுக்கு கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது என்று வீலர் கணக்கிட்டார்.

"நாணயத்தில்தான் அரசர் பெயரே இருக்குமே, கிண்ணம் எதற்கு?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. உங்கள் வீட்டுக் குப்பைமேட்டில் 2011ஆம் ஆண்டு அச்சிட்ட ஒரு ரூபாய் கிடைத்தால் என்ன சொல்வீர்கள்? அந்தக் குப்பை 2011க்கு முன் கொட்டப்படவில்லை என்று மட்டுமே சொல்லலாம். நாணயம் பல கைகள் மாறிப் பல ஆண்டு வாழும், புதைத்தும் வைப்பார்கள். கிண்ணமோ சில ஆண்டுகளில் உடைந்துவிடும். உடைந்ததை யாரும் பாதுகாக்க மாட்டார்கள். ஆகவே செய்த காலத்துக்கும் குப்பையில் விழுந்த காலத்துக்கும் இடைவெளி குறைவு. தொல்லியலுக்குப் பொன்னைவிட மண் நல்ல சாட்சி!

காற்று போட்ட பாதை

இத்தாலியக் கிண்ணம் இங்கே எப்படி வந்தது? மத்தியதரைக் கடலிலிருந்து சரக்கு எகிப்தின் அலெக்சாண்டிரியாவை அடையும். நைல் நதியில் படகேறி, பாலைவனத்தை ஒட்டகத்தில் கடந்து, செங்கடல் துறைமுகங்களான மையோஸ் ஹார்மோஸ், பெரெனிகே ஆகியவற்றைச் சேரும். ஜூலை மாதத்தில் கப்பல்கள் அங்கிருந்து புறப்படும்.

ஏன் ஜூலை? கோடையில் ஆசிய நிலப்பரப்பு கடலைவிட மிகுதியாகச் சூடேறுகிறது. சூடான காற்று மேலெழ, அழுத்தம் குறைந்த அந்த இடத்தை நோக்கிக் கடற்காற்று தென்மேற்கிலிருந்து விரைகிறது. இந்தப் பருவக்காற்று பாய்மரங்களை நேராக இந்தியாவின் மேற்குக் கரைக்குத் தள்ளிவரும். டிசம்பர், ஜனவரியில் காற்று திசை மாறியதும் கப்பல்கள் திரும்பும். கிழக்குக் கரைக்கு வரும் சரக்கு கரையோரக் கலங்களிலும் தரைவழியிலும் வந்திருக்கலாம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல் வழிகாட்டி நூல் கிழக்குக் கரைத் துறைமுகங்களுள் பொதுகே என்ற ஒன்றைக் குறிப்பிடுகிறது. அதுவே அரிக்கமேடு என்பது அறிஞர் பலரின் கருத்து.

போக்குவரத்து ஒருவழிப் பாதையன்று. பெரெனிகேயில் ஓர் இந்தியச் சாடி நிறைய ஏழரைக் கிலோவுக்கு மேல் மிளகு கிடைத்தது. மையோஸ் ஹார்மோஸில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றில் பானையைத் தொங்கவிடும் உறியைக் குறிக்கும் சொல் இருக்கிறது. நம் வீட்டு அடுக்களைச் சொல் எகிப்தின் பாலைவனத்தில்!

திருத்தி எழுதிய பக்கங்கள்

அறிவியலில் ஒருவர் சொன்னதே முடிந்த முடிவு அன்று. வீலர் அரிக்கமேட்டை மேலைநாட்டு வணிகத்தால் வளர்ந்த ஊராகவே பார்த்தார். 1947 முதல் 1950 வரை கசால் என்ற பிரெஞ்சு அறிஞர் இங்கே தோண்டினார். பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் ஆய்வு நடந்தது. ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே, கி.மு. 2ஆம் நூற்றாண்டு அளவிலோ அதற்கு முன்போ, இங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்றும், ரோமானிய வணிகம் ஓய்ந்த பின்னும் பல நூற்றாண்டுகள் ஊர் தொடர்ந்தது என்றும் அவர் காட்டினார். ரோமானியர் வந்து உண்டாக்கிய ஊரன்று. இருந்த ஊருக்கு அவர்கள் சரக்கு வந்தது. இங்கு கண்ணாடியை உருக்கி, குழாயாக இழுத்து, துண்டாக்கி மணிகள் செய்தார்கள்.

இன்னொரு திருத்தமும் உண்டு. உள்ளே வட்ட வட்டமாகப் புள்ளி வரிகள் கொண்ட மெல்லிய தட்டுகள் இங்கே நிறையக் கிடைத்தன. இவற்றை ரௌலட் தட்டுகள் என்பர். இவை மத்தியதரைக் கடல் பகுதியோடு தொடர்புடையவை என்று வீலர் எண்ணினார். களிமண்ணுக்கும் கைரேகை உண்டு. ஒவ்வோர் ஆற்றுப் படுகையிலும் தாதுக்களின் விகிதம் வேறு. பிற்காலத்தில் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு முதலிய முறைகளால் இந்தத் தட்டுகளின் மண்ணை ஆராய்ந்தபோது, அவை இந்தியாவில் செய்தவையே என்று தெரிந்தது. கங்கையின் கீழ்ப்பகுதி மண்ணோடு அது ஒத்திருப்பதாகவும் சில ஆய்வுகள் கூறின.

இதனால் வீலரின் உழைப்பு வீணாயிற்றா? இல்லை. எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடந்தது என்று அவர் பதிவுசெய்து வைத்ததால்தான், அவருடைய முடிவையே மற்றவர்கள் சரிபார்க்க முடிந்தது.

ஆம்பூர் மாணவனின் கேள்வி

வீலர் கண்ட கட்டடங்களின் வரைபடத்தைப் பிரித்துக் காட்டினேன். சுமார் 45 மீட்டர் நீளமான பண்டகசாலை ஒன்று. மற்றோரிடத்தில் மதில் சூழ்ந்த முற்றங்களும், செங்கல் தொட்டிகளும், நீர் வந்து போகும் கால்வாய்களும். காலையில் ஏமாந்த அதே மாணவன் குனிந்து பார்த்தான்.

"சார், எங்கள் ஊர் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியும் பட்டைத் தொட்டியும் இப்படித்தான் வரிசையாக இருக்கும். எங்கள் தாத்தா அதில்தான் வேலை செய்தார். இதுவும் தோல் பதனிட்ட இடமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீலர் இவற்றைத் துணிக்குச் சாயம் தோய்க்கும் தொட்டிகளாக இருக்கலாம் என்று கருதினார். உறையூர் அகழாய்வில் கிடைத்த தொட்டிக்கும் அவ்வாறே பொருள் சொன்னார்கள். ஆனால் அறிஞர் எல்லாரும் இதை ஏற்கவில்லை. தொட்டி என்பது வடிவம் மட்டுமே. அதற்குள் என்ன இருந்தது என்பதை வடிவம் சொல்லாது.

"அப்படியானால் எப்படித் தெரிந்துகொள்வது?" என்றான்.

"உன் ஊரையே எடுத்துக்கொள் தம்பி. இரண்டாயிரம் ஆண்டு கழித்து ஒருவர் ஆம்பூரில் தோண்டுகிறார். தொட்டி கிடைக்கிறது. அது டேனரிதான் என்று அவர் எதைக்கொண்டு சொல்வார்?"

மாணவர்கள் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். தொட்டிச் சுவரில் படிந்த சுண்ணாம்பு. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள டானின் கறை. சதை வழிக்கும் கத்தி. கொம்பு, எலும்புத் துண்டு. கடைசியாக வாணியம்பாடிப் பக்கத்து மாணவி ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "எங்கள் கிணற்றுத் தண்ணீர்."

அவள் சொன்னது சரி. குரோம் முறையில் பதனிடத் தொடங்கிய பின் கழிவுநீரோடு குரோமியமும் உப்பும் பாலாற்றுப் பகுதியின் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் சேர்ந்தன. 1996இல் உச்ச நீதிமன்றம் இதுபற்றிய வழக்கில் தீர்ப்பளித்து, கழிவைச் சுத்திகரிக்காத ஆலைகள் இயங்கக் கூடாதென்றது. கட்டடம் இடிந்து போகும்; மண்ணில் கலந்த குரோமியம் எளிதில் போகாது. நாம் விட்டுச்செல்லும் சாட்சி அது.

ஆகவே அரிக்கமேட்டுத் தொட்டிக்கு விடை வேண்டுமானால், அதன் அடிமண்ணில் சாயமா, சுண்ணாம்பா, வேறு பொருளா என்று தேட வேண்டும். சாயத்தொட்டி என்ற ஊகத்தைத் தோல் தொட்டி என்ற இன்னொரு ஊகத்தால் வெல்ல முடியாது. ஆயினும் அவன் கேட்ட கேள்வி மிகச் சரியானது. தொட்டியோடு பழகிய குடும்பத்துப் பிள்ளைக்குத்தான் அது தோன்றியது.

எடுக்காமல் அளந்தோம்

புறப்படும் நேரம். முதலில் ரோமானியத் துறைமுகம் கேட்ட மாணவி, கையை விரித்துக் காட்டினாள். சிவப்புப் பானை விளிம்புத் துண்டு ஒன்று. "பள்ளி அலமாரியில் வைக்கலாமா சார்?" என்றாள். கேட்கும்போதே ஆசை கண்ணில் தெரிந்தது.

இது பாதுகாக்கப்பட்ட இடம். எதையும் எடுத்துச் செல்லச் சட்டம் இடம் தராது. அதைவிடப் பெரிய காரணத்தை அவளே காலையில் கேட்டிருந்தாள். அலமாரிக்குப் போன மறுகணம் அது முகவரி கிழிந்த கடிதம் ஆகிவிடும். சற்று நேரம் பேசாமல் நின்றாள். "அப்படியானால் அளந்தாவது கொண்டு போகலாமா?" என்றாள்.

அளந்தோம். விளிம்பின் இரு முனைகளுக்கும் இடையே நேர்தூரம், அதாவது நாண், 8 செ.மீ. நாணின் நடுவிலிருந்து வில்லின் உயரம் 1 செ.மீ. பிதாகரஸ் தேற்றப்படி:

ஆரம் = (பாதி நாணின் வர்க்கம் + உயரத்தின் வர்க்கம்) ÷ (2 × உயரம்)
= (16 + 1) ÷ 2 = 8.5 செ.மீ.

ஆகவே பானை வாயின் விட்டம் 17 செ.மீ. கையளவு ஓட்டிலிருந்து முழுப் பானையின் வாய் அகலம் கிடைத்துவிட்டது! அதை நோட்டில் எழுதி, ஓட்டை வரைந்துகொண்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

மாலையில் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுச் சாடித் துண்டுகளையும் மணிகளையும் பார்த்தபோது, "ஒன்றுமே இல்லை" என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியின் முன்னும் ஒரே கேள்விதான் எழுந்தது: "இது எந்த அடுக்கில் கிடைத்தது?"

செய்து பாருங்கள்

1. வீட்டில் உடைந்த பூந்தொட்டி அல்லது பானையின் விளிம்புத் துண்டை எடுங்கள். நாணையும் உயரத்தையும் அளந்து விட்டத்தைக் கணக்கிடுங்கள். வேறொரு துண்டைக் கொண்டும் கணக்கிட்டு, இரண்டு விடைகளும் ஏன் சற்று வேறுபடுகின்றன என்று சிந்தியுங்கள்.

2. மேலே கண்ட சூத்திரத்தைப் பிதாகரஸ் தேற்றத்திலிருந்து நீங்களே வருவியுங்கள். (குறிப்பு: வட்ட மையத்திலிருந்து நாணுக்கு உள்ள தூரம் = ஆரம் − உயரம்.)

3. உங்கள் ஊரில் கிணறு அல்லது அடித்தளம் தோண்டும் இடத்தில், பெரியவர் துணையுடன், மேலே நின்றபடியே மண்ணடுக்குகளை வரையுங்கள். குழிக்குள் இறங்க வேண்டாம்.

4. உங்கள் ஊர்த் தொழில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாயிரம் ஆண்டு கழித்து அதன் எந்தெந்தத் தடயங்கள் மண்ணில் எஞ்சும், எவை அழியும் என்று பட்டியலிடுங்கள்.